பாறையில் கட்டிய படகு

"குதிக்காதே. காலை எடுத்து வை."

பெரியவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான். படகின் அணியத்தில், முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். ஒரு கையில் சுருட்டிய கயிறு. எதிரே இருபதடி தூரத்தில், இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்த கருங்கல் பாறை தண்ணீரிலிருந்து செங்குத்தாக எழுந்து நின்றது. படகு அதை நோக்கி மெல்லப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. படகுக்குப் பாறைதான் எமன் என்று கேட்டு வளர்ந்தவன் நான். இங்கே வேண்டுமென்றே பாறைக்கு நேராகப் படகை விடுகிறார்கள்.

நாலைந்து படகு நீளத்துக்கு முன்பே பின்பக்கத்திலிருந்து நண்பன் நங்கூரத்தை இறக்கியிருந்தான். அதன் கயிறு அவன் உள்ளங்கை வழியாக வழுக்கி ஓடிக்கொண்டிருந்தது. பாறை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்ததும் அவன் கயிற்றை இறுக்கிப் பிடித்தான். படகு நின்றது. சின்ன உதறல்கூட இல்லை. நான் கம்பியைத் தாண்டிக் காலை எடுத்து வைத்தேன். ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து பக்கத்து வீட்டுத் திண்ணைக்குப் போவதுபோல இருந்தது. பகல் முழுக்க வெயில் வாங்கிய கல் பாதத்துக்கு இதமாகச் சுட்டது.

ஸ்டாக்ஹோம் நகரத்துக்குக் கிழக்கே, பால்டிக் கடலில் சுமார் 30,000 தீவுகளும் திட்டுகளும் மொட்டைப் பாறைகளும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுக்கு நடுவில் ஜூன் மாதக் கடைசியில் ஐந்து இரவுகள் நாங்கள் மூன்று பேர் ஒரு சின்னப் பாய்மரப் படகில் சுற்றினோம். நண்பன் கல்லூரியில் என்னுடன் படித்தவன், ஸ்டாக்ஹோமிலேயே குடும்பமாகிவிட்டவன். படகு அவனுடைய மாமனாருடையது. ஸ்வீடனில் வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நண்பனும் மாமனாரை அப்படித்தான் கூப்பிடுகிறான். எழுபது வயதைத் தாண்டியவரைப் பெயர் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இங்கேயும் அவரைப் பெரியவர் என்றே எழுதுகிறேன்.

படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1942இல் தூர்ட் சுந்தேன் என்ற ஸ்வீடன்காரர் வரைந்து கொடுத்த வடிவத்தில் 'ஃபோக்போட்' என்ற மரப்படகு வந்தது. மக்கள் படகு என்று பொருள். சாதாரணச் சம்பளக்காரரும் வாங்கி, குடும்பத்தோடு கடலில் போய் இரவு தங்கிவர வேண்டும் என்பதுதான் நோக்கம். 1960களில் அதே மனிதர் அதைக் கண்ணாடியிழையில் செய்வதற்கேற்ப மாற்றி வரைந்தார். எங்கள் படகு அந்த இரண்டாவது வகை. நீளம் 7.88 மீட்டர். எடையில் பாதிக்கு மேல் அடியிலுள்ள இரும்பிலேயே இருப்பதால் காற்றில் எவ்வளவு சாய்ந்தாலும் நிமிர்ந்துவிடும். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. குனிந்து போய்ப் படுக்கலாம், உட்கார்ந்து ஸ்பிரிட் அடுப்பில் உருளைக்கிழங்கு வேகவைக்கலாம். மூன்று பேருக்கு அது போதும்.

இப்படிப்பட்ட படகை ஓட்ட அந்த நாட்டில் உரிமம் தேவையில்லை. 12 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் தாண்டினால்தான் சான்றிதழ் கேட்பார்கள். அதனால் படகோட்டுவது அங்கே வீட்டு வித்தை. அப்பா பிள்ளைக்கும் தாத்தா பேத்திக்கும் கற்றுக்கொடுக்கிறார்கள். பெரியவர் தன் அப்பாவிடம் கற்றதை மருமகனுக்குக் கொடுத்திருந்தார். இப்போது எனக்கும் கொடுத்தார்.

ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே நீனஸ்ஹாம்ன் துறையிலிருந்து கிளம்பி, நோத்தாரோ என்ற தீவில்தான் முதல் இரவு. நான் மேலே சொன்ன பாறை அங்கே இருந்தது. கரையில் இறங்கியதும் பெரியவர் ஒரு சுத்தியலையும் பட்டையான எஃகு ஆப்பு ஒன்றையும் நீட்டினார். ஆப்பின் தலையில் ஒரு வளையம். பாறையில் வெடிப்பு தேடி அதை அடித்து இறக்க வேண்டும். முதல் அடிகளில் சத்தம் மந்தமாக இருந்தது. ஆப்பு இறங்க இறங்க ஒலி ஏறிக்கொண்டே போய், கடைசியில் கோவில் மணியின் விளிம்பைத் தட்டியதுபோல் கணீரென்றது. "இப்போது பிடித்துவிட்டது, நிறுத்து" என்று பெரியவர் படகிலிருந்தே சொன்னார். அவர் பார்க்கவில்லை, காதால் கேட்டே சொன்னார். அணியத்திலிருந்து இரண்டு கயிறுகள், ஒன்று ஆப்புக்கு, ஒன்று பைன் மரத்துக்கு, கவட்டைபோல் விரித்துக் கட்டினோம். மரத்தில் கட்டும்போது பட்டை உரியாமல் இருக்க ஒரு பழந்துணியைச் சுற்றினோம். பிறகு பின்னால் நங்கூரக் கயிற்றை இழுத்து இறுக்கினோம். படகு முன்னும் பின்னும் போக வழியில்லாமல், தொட்டிலில் போட்ட பிள்ளைபோல் அடங்கியது.

இப்படிக் கட்டுவதற்கு இரண்டு விஷயங்கள் அமைய வேண்டும். ஒன்று, கடல் ஏறி இறங்கக் கூடாது. பால்டிக்கில் ஓதம் இல்லையென்றே சொல்லிவிடலாம். குறுகலான வாயில் வழியாகத்தான் அது பெருங்கடலைத் தொடுகிறது. காற்றழுத்தமும் காற்றும் மாறும்போது நீர்மட்டம் கொஞ்சம் மாறுமே தவிர, தினம் இருமுறை ஏறி வடியும் வழக்கம் கிடையாது. ஓதம் உள்ள கடலில் பாறையில் மூக்கைக் கட்டிவிட்டுத் தூங்கினால் விடியும்போது படகு கயிற்றில் தொங்கும்.

இன்னொன்று, பாறையை ஒட்டியே ஆழம் இருக்க வேண்டும். எங்கள் படகின் அடி, நீருக்குக் கீழே 1.2 மீட்டர் வரை இறங்கும். அந்த ஆழம் கரையிலேயே கிடைப்பதற்குப் பனியுகம்தான் காரணம். சில கிலோமீட்டர் கனத்துக்கு இருந்த பனிப்பாளம் வடக்கிலிருந்து தெற்காக நகர்ந்தபோது, ஒவ்வொரு பாறையின் வடக்கு முகத்தையும் தேய்த்து வழவழவென்று சரிவாக்கியது. தெற்கு முகத்தைத் தாண்டும்போது கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனது. அதனால் வடபுறம் திமிங்கிலத்தின் முதுகுபோல் சரிந்து கடலுக்குள் போகும். தென்புறம் உடைந்த சுவர்போல் நிற்கும். மேலே சரிவு எப்படியோ, தண்ணீருக்குள்ளும் பெரும்பாலும் அப்படியே. அந்தச் சுவர்ப்பக்கத்தில்தான் படகு கட்ட இடம் தேடுகிறார்கள். வழவழப்பான வடபுறத்தில் உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்தேன். பனிக்குள் சிக்கிய கற்கள் கீறிய நேர்க்கோடுகள், வடக்கிலிருந்து தெற்காக, விரல் நுனியில் தட்டுப்பட்டன.

அந்தப் பனியின் பாரம் நிலத்தையே கீழே அமுக்கியிருந்தது. பனி உருகிப் பத்தாயிரம் ஆண்டுகள் ஆகியும், அமுங்கிய நிலம் இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது. ஸ்டாக்ஹோம் பக்கம் ஆண்டுக்குச் சுமார் அரை சென்டிமீட்டர். வடக்கே போத்னியா வளைகுடாவில் இதைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல். வெப்பநிலை அளவுகோலுக்குப் பெயர் கொடுத்த ஆந்தர்ஸ் செல்சியஸ், 1731இல் யேவ்லே நகருக்கு அருகே ஒரு தீவுப் பாறையில் அன்றைய நீர்மட்டத்தைக் கோடாகக் கொத்தி வைத்தார். கடல் வற்றுகிறது என்று அவர் நினைத்தார். உண்மையில் கல்தான் எழுந்தது. இன்று அந்தக் கோடு தண்ணீரை விட்டு வெகுவாக மேலே நிற்கிறது.

இது புத்தகத் தகவலாக மட்டும் இருந்திருந்தால் மறந்திருப்பேன். நோத்தாரோவில் காலையில் பெரியவர் ஒரு சிறு கால்வாயைக் காட்டினார். இரண்டு தீவுகளுக்கு நடுவே, நாணல் முளைத்து, பாதி சேறாகக் கிடந்தது. "எனக்குப் பத்து வயதில் அப்பா இதன் வழியாகத் துடுப்புப் படகை ஓட்டிக்கொண்டு போவார்" என்றார். அறுபது ஆண்டுகளில் ஒரு சாண் அளவுக்குத் தரை உயர்ந்திருக்கிறது. ஆழமில்லாத இடத்தில் ஒரு சாண் என்பது வழியை அடைத்துவிடப் போதும்.

இரண்டாம் நாள் மேற்கிலிருந்து கச்சான் நன்றாக வீசியது. ஊத்தோ தீவுக்குப் பக்கவாட்டுக் காற்றில் போனோம். பாய் வீங்கி, படகு ஒருபக்கம் சாய்ந்து, அடியில் தண்ணீர் உரசி ஓடும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. நான் முதல்முறையாகச் சுக்கான் பிடித்தேன். சுக்கானைவிடக் கடினமாக இருந்தது வரைபடம். இந்தக் கடலில் வழி தேடுவது சந்துபொந்துள்ள பழைய ஊரில் வீடு தேடுவதுபோல. தண்ணீருக்கு அரை மீட்டர் கீழே பாறை இருக்கும். மேலே அலைகூட உடையாது. உள்ளே வரும் படகுக்கு இடது கையில் சிவப்புக் கம்பம், வலது கையில் பச்சைக் கம்பம். அவற்றுக்கு நடுவே விரலை வரைபடத்தில் வைத்து நகர்த்திக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு தீவைக் கடந்ததும் நண்பன் அதன் பெயரைச் சத்தமாகச் சொல்வான், பெரியவர் தலையாட்டுவார். ஒருமுறை அவன் பெயர் சொல்லவில்லை. உடனே பெரியவர் பாயைத் தளர்த்தச் சொன்னார். எங்கே இருக்கிறோம் என்று மூவருக்கும் தெரியும்வரை படகு நகரவில்லை.

வழியில் கைநிறையக் கடல்நீரை அள்ளி வாயில் வைத்தேன். குழம்பில் உப்பு குறைந்ததுபோல இருந்தது. பெருங்கடலில் ஒரு லிட்டருக்கு 35 கிராம் உப்பு. இங்கே ஆறேழு கிராம்தான். ஆறுகள் கொண்டுவரும் நன்னீர் வெளியேற வழி குறைவு. இதனால் கடல்மீனான ஹெர்ரிங்கும் ஏரிமீன்களும் ஒரே நீரில் வாழ்கின்றன. மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல்புழு இந்த நீரில் பிழைப்பதில்லை. 1628இல் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கிய வாசா என்ற போர்க்கப்பலை, 333 ஆண்டுகள் கழித்து 1961இல் முழுசாகத் தூக்க முடிந்ததற்கு அது முக்கியமான காரணம். வேறு கடலாக இருந்தால் மரம் மிஞ்சியிருக்காது.

ஊத்தோவில் இறங்கியது ஒரு பள்ளத்தைப் பார்க்க. இந்தத் தீவில் மத்திய காலத்திலேயே இரும்பு வெட்டத் தொடங்கிவிட்டார்கள். 1719இல் ரஷ்யக் கடற்படை இந்தக் கரை நெடுகத் தீ வைத்துக்கொண்டு போனபோது ஊத்தோவும் எரிந்தது. பிறகு மறுபடி தோண்டினார்கள். 1879இல் சுரங்கம் மூடப்பட்டது. இப்போது வேலி போட்ட ஆழமான குழியில் கரும்பச்சையாகத் தண்ணீர் நிற்கிறது. இந்தக் குழியிலிருந்து எடுத்த பெட்டலைட் என்ற கல்லை 1817இல் ஸ்டாக்ஹோமில் வேதியியலாளர் பெர்செலியுஸின் சோதனைக்கூடத்தில் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார் யுஹான் ஆகஸ்ட் ஆர்ஃப்வெட்சன் என்ற இளைஞர். எடைக் கணக்கு சரியாக வரவில்லை. தெரிந்த உப்புகளையெல்லாம் கழித்த பிறகும் ஏதோ ஒன்று மிஞ்சியது. அதுதான் லித்தியம். கல்லிலிருந்து கிடைத்ததால், கல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வைத்தார்கள். என் கையிலிருந்த கைப்பேசியில் அன்றைய வரைபடமும் காற்று முன்னறிவிப்பும் ஓடிக்கொண்டிருந்தன. அதன் மின்கலத்துக்குள் இருக்கும் தனிமம் முதன்முதலில் மனிதருக்குத் தெரியவந்தது இந்தக் குழியிலிருந்து என்பதை நினைத்து, வேலியோரம் வெகுநேரம் நின்றேன். ஓர் அறிவிப்புப் பலகையைத் தவிர அங்கே ஆடம்பரம் எதுவும் இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாம் இரவை விரிவாகச் சொல்ல வேண்டும். தவறு என்னுடையது.

ஃபியார்ட்லோங் தீவுக்குப் பக்கத்தில் கிழக்குப் பார்த்த ஒரு சின்னக் குடா. கச்சான் காற்று. பாறை மேற்கே, படகு அதன் மறைவில். காற்று எப்போதும் பாறைமேலிருந்து படகை நோக்கி வீச வேண்டும் என்பது பெரியவரின் இரண்டாம் பாடம். அப்போது காற்றே படகைப் பாறையிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொள்ளும், பாரமெல்லாம் கரையில் கட்டிய கயிற்றில் விழும், நங்கூரத்துக்கு வேலை குறைவு. எல்லாம் அப்படியே அமைந்திருந்தது. அன்று நங்கூரம் போட்டது நான். போட்டு, இழுத்து, கட்டிவிட்டேன். செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யவில்லை. இறுக்கிய கயிற்றின்மேல் விரல்களை வைத்து ஒரு நிமிடம் கவனிக்க வேண்டும். நங்கூரம் அடித்தரையில் உரசிக்கொண்டு வந்தால் கயிறு லேசாக அதிரும். பிடித்திருந்தால் மௌனமாக இருக்கும். நாடி பார்ப்பதுபோலத்தான். அன்றைக்குப் பசி. புது உருளைக்கிழங்கு வெந்து, சதகுப்பைக் கீரை மணம் மேலே வந்துகொண்டிருந்தது. நாடி பார்க்காமல் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

காலையில்தான் காற்று திரும்பும் என்று முன்னறிவிப்பு சொல்லியிருந்தது. இரவு இரண்டு மணிக்கே கச்சான் நின்று, கிழக்கிலிருந்து கொண்டல் எழுந்துவிட்டது. நான் விழித்தது ஒரு சத்தத்தால். டொக். சிறிது இடைவெளி. மறுபடியும் டொக். தலைமாட்டிலிருந்து வந்தது. கண்ணாடியிழை கல்லைத் தொடும் சத்தம் அது என்று உறைக்குமுன் பெரியவர் மேலே போய்விட்டிருந்தார்.

அந்த அட்சரேகையில் ஜூன் இரவு முழுதாக இருட்டுவதில்லை. சூரியன் பத்து மணிவாக்கில் மறைந்து மூன்றரைக்கே வந்துவிடும். நடுவில் வானம் ஈயப் பாத்திரத்தின் நிறத்தில் இருக்கும். அந்த வெளிச்சத்தில் எல்லாம் தெரிந்தது. குடாவுக்குள் அலை வந்துகொண்டிருந்தது. நங்கூரக் கயிறு தொய்ந்து கிடந்தது. படகின் மூக்கு பாறையை ஒவ்வொரு அலைக்கும் முத்தமிட்டுக்கொண்டிருந்தது. பெரியவர் சத்தம் போடவில்லை. "கரைக்குப் போ, இரண்டு கயிற்றையும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு வா. ஆப்பை மறக்காதே" என்றார். நண்பன் அணியத்தில் உட்கார்ந்து இரண்டு கால்களாலும் பாறையை உந்திக்கொண்டிருந்தான். நான் ஆப்பைச் சுத்தியலால் இடமும் வலமும் தட்டி உருவினேன். கை நடுங்கியது. "கயிற்றை முதலில் உள்ளே போடுடா, பிறகு நீ ஏறு" என்றான் நண்பன். ஏறினேன். சின்ன இன்ஜின் பிடித்துக்கொண்டது. பின்னோக்கி வந்து நங்கூரத்தைத் தூக்கியபோது, அதன் கொக்கிகளில் ஒரு வைக்கோல் கட்டு அளவுக்குப் பழுப்புப் பாசி சுருண்டிருந்தது. நங்கூரம் தரையைத் தொடவே இல்லை. பாசி மெத்தையின்மேல் படுத்திருந்தது. கச்சான் வீசியவரை அதன்மேல் பாரம் விழாததால் தெரியவில்லை.

எதிர்ப்பக்கம் திறந்த குடா ஒன்றில், நடுத்தண்ணீரில், அணியத்திலிருந்து நங்கூரமிட்டு நின்றோம். ஸ்வீடன்காரர்கள் இதை 'ஸ்வாய்' என்கிறார்கள். காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் படகும் சேர்ந்து சுற்றும். ஐந்து மீட்டர் ஆழத்துக்கு இருபத்தைந்து மீட்டர் கயிறு விட்டோம். நங்கூரத்தோடு இணைந்த சங்கிலி படுக்கைவாட்டில் இழுத்தால்தான் கொக்கி தரைக்குள் புதையும். இந்த முறை நானே விரல்களைக் கயிற்றில் வைத்தேன். மெல்லிய அதிர்வு ஒன்று வந்தது, அடங்கியது, பிறகு ஒன்றும் இல்லை. காலையில் அந்த நங்கூரத்தைத் தூக்கியபோது நீலமும் சாம்பலும் கலந்த களிமண் அப்பிக்கொண்டு வந்தது. பனி அரைத்த கல்மாவு கடலடியில் படிந்து உண்டான களிமண். குயவர் கையிலெடுத்தால் மகிழ்வார், அவ்வளவு மென்மை. நங்கூரம் பிடிக்க அதைவிட நல்ல தரை கிடையாது என்றார் பெரியவர். முந்தைய இரவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானாக மன்னிப்புக் கேட்டபோது, படகின் மூக்கில் பழைய தழும்பு ஒன்றைக் காட்டி, "இது நான் போட்டது" என்று மட்டும் சொன்னார்.

நாலாம் நாள் கொண்டலுக்கு எதிரே பாயை மாற்றி மாற்றிப் போட்டு, குறுக்கும் மறுக்குமாக ஏறி, புல்லெரோவுக்குப் போய்ச் சேர்ந்தோம். அதற்கு மேல் கிழக்கே தீவுகள் சிறுத்து, மரங்கள் குள்ளமாகி, கடைசியில் வெறும் பாறையும் பறவையும்தான். காட்டு விலங்குகளையும் பறவைகளையும் வரைந்து புகழ்பெற்ற ப்ரூனோ லில்யெஃபோர்ஸ் 1908இல் இந்தத் தீவை வாங்கி, இங்கே இருந்து வரைந்தார். 1967இல் இது இயற்கைக் காப்பகமானது. வெண்வால் கடற்கழுகு ஒன்றை இங்கே பார்த்தேன். கதவு ஒன்று பறப்பதுபோல அகன்ற இறக்கை. 1970களில் டிடிடி, பிசிபி என்ற வேதிநஞ்சுகள் மீன் வழியாக உடம்பில் ஏறி, முட்டை பொரிக்காமல், இந்தக் கரையில் கழுகு அற்றுப்போகும் நிலைக்கு வந்திருந்தது. நஞ்சுகளைத் தடைசெய்தார்கள். குளிர்காலத்தில் நஞ்சில்லாத இறைச்சியைப் பனிமேல் கொண்டுபோய் வைத்துக் கழுகுகளைக் காப்பாற்றினார்கள். இன்று அண்ணாந்து பார்த்தால் கிடைக்கிறது.

கழுகு போன திசையில் ஒரு பாறைத்தீவில் மஞ்சள் பலகை தெரிந்தது. பறவைக் காப்பிடம். இந்தத் தீவுக்கூட்டத்தில் பெரும்பாலும் பிப்ரவரி 1 முதல் ஆகஸ்ட் 15 வரை அப்படிப்பட்ட இடங்களில் இறங்கக் கூடாது, நூறு மீட்டருக்குக் குறையாமல் விலகிப் போக வேண்டும். ஐந்து நாள் முழுக்க, நான் பார்த்தவரை, யாரும் அந்தப் பலகையைத் தாண்டவில்லை. காவலுக்கும் யாரும் இல்லை.

பலகை இல்லாத தீவுகளில் நாங்கள் எங்கே கட்டினோம் என்று யாரும் கேட்கவில்லை. யாருடைய நிலம் என்று எங்களுக்கும் தெரியாது. 'அல்லெமான்ஸ்ரெத்தன்' என்று ஒன்று அங்கே இருக்கிறது. எல்லா மனிதருக்கும் உள்ள உரிமை என்று அர்த்தம். அடுத்தவர் நிலமானாலும் நடக்கலாம், ஓரிரு இரவு கூடாரம் போடலாம், படகைக் கட்டலாம், காட்டுப்பழம் பறிக்கலாம். குடியிருக்கும் வீட்டுக்கு அருகில் மட்டும் போகக் கூடாது. நெடுங்கால வழக்கமாக இருந்து, 1994இல் அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது. இதற்குப் பக்கபலமாக இன்னொரு சட்டம்: 1975 முதல், கரையிலிருந்து பொதுவாக நூறு மீட்டருக்குள் புதிதாகக் கட்டடம் எழுப்பக் கூடாது. நடக்கலாம் என்று உரிமை கொடுத்துவிட்டுக் கரை முழுக்கச் சுவர் எழுப்பவிட்டால் அந்த உரிமைக்கு என்ன பயன்? இரண்டும் சேர்ந்திருப்பதால்தான் எங்களைப்போன்ற மூன்று பேர், ஒருவர் வெளிநாட்டவர், ஒருவர் வந்து குடியேறியவர், காசு கொடுக்காமல் கேட்காமல் ஐந்து இரவு பாறைகளில் உறங்க முடிந்தது. ஸ்வீடனைப் பற்றி எத்தனையோ பெருமைகள் சொல்வார்கள். எனக்கு இதைவிடப் பெரிதாக எதுவும் தெரியவில்லை.

இந்த உரிமையோடு ஒட்டிக்கொண்டே கடமையும் வருகிறது: தொந்தரவு செய்யாதே, பாழாக்காதே. பள்ளிப் பிள்ளைகள்கூட இதைச் சொல்கிறார்கள். 1959இல் தொடங்கிய தீவுக்கூட்ட அறக்கட்டளை ஒன்று பல தீவுகளைப் பராமரிக்கிறது. காட்டுக்குள் சுத்தமான கழிப்பறையும், குப்பைக்கு மரக் கொட்டகையும் வைத்திருக்கிறார்கள். 2015 ஏப்ரல் முதல் உல்லாசப் படகுகள் கழிவறை நீரைக் கடலில் விடுவது தடைசெய்யப்பட்டிருக்கிறது. துறைமுகத்தில் உறிஞ்சி எடுக்கும் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வரிசையில் நின்று நாங்களும் கொடுத்தோம்.

ஐந்தாம் நாள் சாண்ட்ஹாம்னைப் பார்த்தோம். 1830இல் தொடங்கிய அரச பாய்மரச் சங்கத்தின் இடம். பெரிய பெரிய படகுகள், கொடிகள், கூட்டம், நல்ல ரொட்டிக்கடை. ரொட்டி வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

கடைசி இரவு தாலாரோவுக்குப் போகும் வழியில் பெயர் தெரியாத சிறு தீவு. பெரியவர் சின்ன வயதிலிருந்து வருகிற இடம். பாறையில் யாரோ எப்போதோ அடித்த இரும்பு வளையம் ஒன்று துருப்பிடித்து நின்றது. அதில் கயிற்றைக் கோத்தேன். பிறகு பெரியவர் என்னை மேலே அழைத்துப்போய் ஓரிடத்தில் குனிந்தார். வழவழப்பான அந்தக் கல்முதுகில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு புண். கல் அடுக்கடுக்காகப் பெயர்ந்து, உள்ளே சொரசொரவென்று கருத்திருந்தது. சுற்றிலும் பனி மெருகேற்றிய பரப்பு பளபளத்தது. இந்த ஓர் இடம் மட்டும் அப்படி. யாரோ பாறையின்மேல் நேரடியாக விறகு வைத்துச் சமைத்திருக்கிறார்கள். சூட்டில் கல் வெடித்துச் சிதறியிருக்கிறது. பெரியவர் சிறுவனாக வந்தபோதே இது இருந்ததாம். அப்போது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. பாசிகூடச் சரியாக ஏறவில்லை. அதன் விளிம்பை விரலால் தடவிக்கொடுத்தபோது அவர் முகத்தில் இருந்த வருத்தத்தை நான் மறக்க மாட்டேன்.

காலையில் கயிற்றை வளையத்திலிருந்து உருவினோம். நங்கூரம் களிமண்ணோடு வந்தது. கரையில் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் அங்கே இருந்ததற்கு அடையாளம் எதுவும் இல்லை.

அந்தக் கரை எல்லோருக்கும் திறந்திருக்கிறது. படகு வாடகைக்குக் கிடைக்கும், தீவுகளுக்குப் பயணிகள் படகும் போகிறது. படிப்புக்கோ வேலைக்கோ அந்தப் பக்கம் போகிறவர்கள் நம்மில் இப்போது நிறையப் பேர். போனால் ஓர் இரவாவது ஏதாவது ஒரு தீவில் தங்குங்கள். மஞ்சள் பலகை தெரிந்தால் விலகிப் போங்கள். சமைக்க ஒரு சின்ன அடுப்பை எடுத்துக்கொண்டு போங்கள். பாறையின்மேல் தீ மட்டும் மூட்டாதீர்கள்.